அந்தக் கரையிலிருந்து ஒரு பதில்

— அது நம்ம குருவி இல்லடா நெவில். தும்மற மாதிரி 'பிச்சூ'ன்னுச்சே? சதுப்புச் சிட்டு.

— கருப்புத் தொப்பி, சாம்பல் முதுகு, எல்லாம் அதேதானே பெரில் அக்கா?

— உருவத்தை வச்சு யாராலடா பிரிக்க முடிஞ்சிருக்கு? குரல்தான். நாம தேடற வில்லோச் சிட்டு மூக்கால இழுக்கும்.

— சதுப்புச் சிட்டு காஞ்ச காட்டுல இருக்கு, நம்மாளு சதுப்புல கெடக்கு. பேரு வச்சவன் பப்லேருந்து நேரா வந்திருப்பான்.

— சிரிக்காதே. சதுப்புச் சிட்டும் குறைஞ்சுட்டுதான் வருது. ஆனா பழைய பொந்து கெடைச்சாப் புகுந்துக்கும். நம்மாளு கூடு கட்ட உளுத்த கட்டையைத் தானே குடையணும். நிலக்கரிச் சுரங்கம் மூடினப்புறம் முளைச்ச இந்தப் புதர்தான் இதுக்கு மிச்சம்.

— அதையும் நாளைக்கு மெஷின் வச்சு வழிக்கப் போறாங்க. கிடங்கு வருதாம்.

— கவுன்சில்காரர் இந்தக் குருவியைத் தன் காதால ஒரு தடவை கேட்டா வேலையை நிறுத்தறேன்னாரே. வந்துட்டே இருப்பாரு. நீ ஸ்பீக்கர்ல பதிவு பண்ணின குரலைப் போடு, குருவி இருந்தா பதில் குடுக்கும்.

— விடிஞ்சதுலேருந்து போட்டுட்டுதான் இருக்கேன். பதிலே காணோம்.

— நிஜமாவே கேட்டியா நீ? கேக்காததைக் கேட்டேன்னு சொன்னதுக்குக் கட்டின புருஷனையே நம்ம பறவைக் குழுவை விட்டுத் தூக்கினவ நான்.

— பாவம் ரோலண்ட் மாமா. சத்தியமா கேட்டேன் அக்கா. செவ்வாய்க்கிழமை காலைல, இதே இடம். ஸ்பீக்கர்ல குரலைப் போட்டேன். கால்வாய்க்கு அந்தக் கரைலேருந்து உடனே பதில்.

— செவ்வாய்க்கிழமையா?

— ஏன்? நீதான் இடுப்பு வலின்னு படுத்திருந்தியே.

— நீ திட்டுவேன்னு உன்கிட்டச் சொல்லல. பஸ் பிடிச்சு வந்தேன்டா. அந்தக் கரைக்கு.

— ஸ்பீக்கரோடயா?

— ம். எனக்கும் பதில் வந்துச்சு. இந்தக் கரைலேருந்து. நீயும் கேட்டேன்னு சொன்னதும், ரெண்டு பேரும் அதே குருவியைத்தான் கேட்டோம்னு நம்பிட்டேன்.

— அப்ப... நான் போட்டதை நீ கேட்டே. நீ போட்டதை நான் கேட்டேன்.

— டீயை ஊத்து. கை விறைக்குது.

— அப்ப இங்க ஒண்ணுமே இல்லையா அக்கா?

— போன வருஷமே கடைசி ஒண்ணு போயிருக்கும். நாம ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் கத்திட்டிருந்திருக்கோம்.

— அதோ, அவரு கார். வா, போய்ச் சொல்லிடலாம்.

— நெவில். ஸ்பீக்கரைக் குடு. நான் அந்தக் கரைக்குப் போறேன். அவரு வந்து நின்னதும் நீ போன்லேருந்து குருவிக் குரலைப் போடு, நான் அங்கேருந்து பதில் போடறேன்.