விட்டுக்கொடுத்தவர்

மந்தாரக்குப்பம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவளின் மடியில் ஊழியர் குவார்ட்டர்ஸில் நடந்த செஸ் போட்டியில் வென்ற கோப்பை.

“ரெண்டு ராஜாவும் உன்னோட ஒரு சிப்பாயும்தான மிச்சம், டிரான்னு முடிச்சிக்கம்மா, பரிசு குடுக்கிறவரு காத்துக்கினு இருக்காருன்னாங்க.”

“நீங்க என்னக்கா பண்ணீங்க?”

“எழுந்திருக்கவே இல்ல. சிப்பாய அவசரப்பட்டுத் தள்ளினா ஆட்டம் டிராதான். ராஜாவ முன்னால நடத்தினு போயி, எதிர்ல ஆடின சாரோட ராஜாவ ஒதுக்கிட்டு, சிப்பாய பின்னாலயே கொண்டாந்து ராணியாக்கினேன். அவரு தோத்துட்டேன்னு கை குடுத்தாரு.”

“அதான் கப்பு குடுத்துட்டாங்களே. இன்னும் என்ன கோவம்?”

“குடுக்கும்போது மைக்ல என்ன சொன்னாங்க தெரியுமா? ‘லேடீஸ்க்காக விட்டுக்குடுத்த சாருக்கு எல்லாரும் கை தட்டுங்க’ன்னாங்க.”

“தட்டினாங்களா?”

“நல்லா தட்டினாங்க. அவரும் எழுந்து நின்னு கும்பிட்டாரு.”