எலந்தைக் கெளை

இல்ல தாயி, அது தப்பு. ஒங்க நூறு வருஷ மலருல எப்படி வேணா எழுதிக்க. வீட்பெர்க் ஊரு 1908லதான் பொறந்துச்சுன்னா, அதுக்கு முன்னாடி எங்க தாத்தன் ஆகாசத்துலயா மாடு மேச்சாரு? வெள்ளக்காரங்க மாட்டு வண்டில வந்தாங்க, சர்ச்சு கட்டுனாங்க, சோளம் போட்டாங்க. கல்லு சொமந்தது கறுப்பு சனம் நாங்க. சரி விடு, நீ கேக்க வந்தத கேளு.

இந்தச் சோளக் குதிரா? இது பின்னாடி வந்தது. இது வெள்ளக்காரங்க எடம்னு சொல்லி அறுவத்தெட்டுல எங்கள லாரில ஏத்தி அனுப்பிட்டு மறு வருஷமே கட்டிட்டாங்க. இங்கதான் எங்க வீடுங்க இருந்துச்சு, நூத்துக்கு மேல. அதோ லாரிக்கு எடை போடுறாங்க பாரு, அதுக்கு அடியிலதான் எங்கம்மா கெடக்குறா. நாலு கல்லு நட்டு வச்சிருந்தோம். புல்டோசருக்கு அதெல்லாம் தெரியுமா?

அறுவது மைல் தள்ளி எங்கள எறக்கி விட்டாங்க, பொட்டக்காடு. தகரக் கொட்டாயும் கக்கூசும் வரிசையா நின்னுச்சு, வேற ஒண்ணுமில்ல. மொத குளிருக்கே பச்சப்புள்ளைங்க போச்சு.

சண்டை போடலியாங்கிறியா? துப்பாக்கி போலீசு கையில. அதவிட, செத்தவங்கள விட்டுட்டுப் போறதாங்கிறதுதான் எங்களுக்குப் பெருங்கவல. எலும்பத் தோண்ட விடல. ஆவியவாவது கூட்டிட்டுப் போகணுமில்ல? எலந்தை முள்ளுக் கெளைய ஒடிச்சு குழி மேல வச்சு, அம்மா கெளம்புறோம், வான்னு கூப்புடணும். கெளையில வந்து ஒக்காந்துருவா. அத தூக்கிட்டுப் போறவன் அவகூட மட்டுந்தான் பேசணும். ஆறு வந்துருச்சும்மா, மேடு ஏறுறோம்மான்னு சொல்லிக்கிட்டே போகணும். வேற எவன் கேட்டாலும் வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தா அவ அங்கனயே எறங்கிருவா. மூத்தவன் நாந்தான், இருவத்தி நாலு வயசு, எங்கிட்ட குடுத்தாங்க.

அங்க போனதும் அப்பா ஆட்ட அறுத்து, கெளையக் கூரையில சொருகுனாரு. ஒங்கம்மா வந்துட்டாடான்னாரு. அந்த நெனப்போடதான் செத்தாரு, அவரையும் அங்கயே பொதைச்சோம்.

நானா? கூட்டுற வேலை கெடச்சு இங்க வந்து முப்பது வருஷமாச்சு. தம்பிங்க கூப்புட்டுக்கிட்டேதான் இருக்கானுங்க. நான் போகல.

ஏன்னா கேக்குற? லாரி ஏறுன அன்னிக்கு நடந்ததச் சொல்றேன். கெளை என் கையில இருக்கு, லாரில கால வைக்கிறேன். சின்ன வயசு போலீசு ஒருத்தன், பட்டியல்ல பேர அடிச்சுக்கிட்டிருந்தான். என்னைய அடிக்கல, மெரட்டல. எல்லாம் ஏறியாச்சா, உள்ள யாரும் மிச்சம் இல்லையேன்னான், அவ்வளவுதான். பொறந்ததுலேர்ந்து பழகுன வாயி, பாழாப் போனது.

யாரும் இல்லீங்க எசமான்னேன்.

லாரி கெளம்பிருச்சு. ஆறு வந்துருச்சும்மா, மேடு வந்துருச்சும்மான்னு வெறுங்கெளைகிட்ட பேசிக்கிட்டே போனேன். அப்பா பக்கத்துல ஒக்காந்து கேட்டுக்கிட்டே வந்தாரு. போலீசுகிட்ட நான் சொன்னது அவரு காதுல விழலியோ, கேட்டும் கேக்காத மாதிரி இருந்தாரோ, தெரியல.

இப்பவாவது கூப்புடலாமேங்கிறியா? போன மாசங்கூட கெளை ஒடிச்சுட்டு அந்த எடை மேடைகிட்டப் போய் நின்னேன் தாயி. இல்லன்னு சொன்ன வாயால எப்படி வான்னு கூப்புடுறது?