போபோவுக்குத் தைத்த பட்டுவேட்டி

கல்யாணச் சாப்பாடு நன்றாக இருந்தது என்று எல்லோருமே சொன்னார்கள். சாம்பாரில் உப்பு சற்றுத் தூக்கல். ஆனால் பாயசம் கடைசிப் பந்தி வரை வந்தது. ஒரே மகனின் கல்யாணத்தில் ஒரு தாய்க்கு வேறென்ன வேண்டும், சொல்லுங்கள் அம்மா. நீங்கள் கேட்க வந்தது நாயைப் பற்றி. புகார் வந்தால் கால்நடைத்துறை அதிகாரி விசாரிக்கத்தானே வேண்டும். உட்காருங்கள், சொல்கிறேன்.

என் மகன் தனேஷ் கட்டிக்கொண்ட பெண் ஷர்மினி. தாயில்லாப் பெண். தாய் நோயில் கிடந்த நாளெல்லாம் அவள் வளர்த்த நாய் கட்டிலடியை விட்டு நகரவில்லையாம். அதனால் போபோ என்றால் அவளுக்கு உயிர். இருக்கட்டும். எனக்கு நாய்மீது பகை கிடையாது, அருவருப்பு மட்டும்தான். ஒழுகும் வாய், எப்போதும் ஈரமான மூக்கு, தன் பின்புறத்தை நக்கிவிட்டு வரும் நாக்கு. அந்த நாக்கு அவள் உதட்டில் பட்டதை நான் கண்ணால் பார்த்தேன். துடைக்காமல் அதே உதட்டால் என் மகனுடைய கோப்பையில் தேநீர் குடித்தாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நிச்சயம் முடிந்த பிறகு ஒருநாள் வீட்டுக்கு வந்தாள். "அத்தை, விருந்துல போபோதான் மோதிரத்தக் கொண்டாந்து கொடுக்கணும். அம்மா இல்ல. அவனாச்சும் மேடையில எங்கூட நிக்கட்டும்" என்றாள். நாய்க்குப் பட்டில் வேட்டி தைக்கக் கொடுத்திருந்தாள்.

என் கணவர் ஜெயபாலன் சிரித்தார். "செய்யட்டும் லா. அதுல என்ன இருக்கு."

அட்சதை விழும் இடத்தில் நாய் மயிர். ஆனாலும் சண்டைக்கார மாமியார் என்று பேர் வாங்க எனக்கு விருப்பமில்லை. "தாராளமா வரட்டும்மா. அதுவரைக்கும் அவன நானே பாத்துக்குறேன்" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் போனதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

காலையில் கோயிலில் தாலிகட்டு, நண்பகலில் சிலிபின் மண்டபத்தில் விருந்து. நாயை எங்கள் காரின் பின்சீட்டில் ஏற்றினேன். வேட்டியும் மல்லிகைச் சரமுமாகச் சாதுவாகத்தான் உட்கார்ந்திருந்தது. கண்ணாடியை இறக்கிவைத்தால் தலையை நீட்டிப் போகிறவர் வருகிறவரை நக்கும். ஆகவே முழுக்க ஏற்றிவிட்டேன். கார் மரத்தடியில் நின்றது. அங்கே பறவைகள் எச்சமிடும். எடுத்துக்கொண்டு போய் வெட்டவெளி வெயிலில் நிறுத்தினேன். சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பந்திக்குப் போனேன்.

ஒவ்வொருவரையும் கேட்டுக் கேட்டுப் பரிமாறினேன். தைப்பிங்கிலிருந்து வந்திருந்த என் நாத்தனார் மாரியம்மா, "வெளிய நாய் கத்துதே அண்ணி" என்றாள்.

"தெரு நாயா இருக்கும்."

பிறகு உருமி மேளக்காரர்களிடம் போய், வாசல் பக்கமாக நின்று ஒரு பாட்டு அடிக்கச் சொன்னேன். நன்றாக அடித்தார்கள். இன்னொன்றும் கேட்டேன். அது முடிந்தபோது வெளியே சத்தமில்லை.

மோதிரம் மாற்றும் நேரம் வந்தது. "அத்தை, போபோவக் கூட்டிட்டு வாங்களேன்" என்று மேடையிலிருந்து ஷர்மினி கேட்டாள். "நீயே போய்க் கூட்டிட்டு வாம்மா" என்று சாவியைக் கொடுத்தேன். வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் அந்த நாய் ஆசையே அவளுக்கு விட்டுப்போகும் என்று நினைத்தேன். புகைப்படக்காரர் சிரித்துக்கொண்டே அவள் பின்னால் ஓடினார், நானும் போனேன்.

கதவைத் திறந்ததும் எழுந்த நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. நுரை, வாந்தி, மலம். கண்ணாடி முழுக்க மூக்கைத் தேய்த்த கோழை. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, கூறைப்புடவை மடியில் அதை இழுத்துப் போட்டுக்கொண்டாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். "புதுத் தாலி அது மேல படுதும்மா, விடு" என்று மட்டும்தான் சொன்னேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கதானே அத்தை பாத்துக்குறேன்னீங்க" என்றாள்.

மறந்துவிட்டேன் என்று கணவரிடம் சொன்னேன். தனேஷிடமும் அதையேதான் சொன்னேன். நீங்கள் எழுதிக்கொள்வதானால் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். மறக்கவில்லை. முந்தின நாளே பின்சீட்டுக்கு பிளாஸ்டிக் விரிப்பு வாங்கி மாட்டியிருந்தேன். சாகும்போது எல்லாம் வெளியே வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். சீட்டில் ஒரு கறை கிடையாது, வேண்டுமானால் போய்ப் பாருங்கள்.

இப்போது இரண்டு பேரும் ஆயர் தாவாரில் தனி வீடு எடுத்துக்கொண்டு இருக்கிறார்கள். நான் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. கோபமென்று ஒன்றுமில்லை, சின்னஞ்சிறுசுகள், அப்படித்தான் இருப்பார்கள். ஷர்மினி முழுகாமல் இருக்கிறாளாம், மாரியம்மா சொன்னாள். வேலைக்குப் போகிற பெண், பிள்ளையை என்னிடம்தானே விட்டாக வேண்டும். அதற்காகப் பின்னறையைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன். பிள்ளைகள் கண்டதையும் வாயில் வைக்கும், எச்சில் வடிக்கும், இருந்த இடத்திலேயே போகும். அவள் செல்லம் கொடுத்தே கெடுத்துவிடுவாள். என்னிடம் விட்டால் அதையெல்லாம் சீக்கிரமே நிறுத்திவிடுவேன்.