மஞ்சள் மூங்கிலில் மாவுப்பூச்சி

மூங்கிலுக்குத் தண்ணீர் குறைந்தாலும் பூச்சி வரும், கூடினாலும் வரும். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை, மேடம். இங்கிருந்து ஆரம்பித்தால்தான் எனக்குச் சொல்ல வரும்.

அறந்தாங்கியில் எங்கள் வீட்டுப் பக்கத்துக் குட்டைச் சுவரை ஒட்டி மஞ்சள் மூங்கில் வேலிபோல் வரிசையாக நிற்கிறது. என் கணவர் அய்யப்பன் துபாய்க்குப் போகுமுன் நட்டது. அழகுக்கு என்று ஊரில் சொன்னார். என்னிடம், "ஒரு கண்ணு உள்ள வரக்கூடாது" என்றார். சாயங்காலம் வீடியோ காலில் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் வேலியைத்தான் காட்டச் சொல்வார். போனைத் தூக்கிக்கொண்டு ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை நடப்பேன்.

போன வெயில் காலத்தில் கணுக்களில் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளையாகத் தெரிந்தது. நகத்தால் சுரண்டினேன், பிசுபிசுத்தது. மாவுப்பூச்சி. சாற்றைக் குடித்துவிடும். இலையில் கறுப்பாகப் படியும், பிறகு பழுத்து உதிரும். மோட்டார் பைப்பை வைத்துப் பீய்ச்சினேன். சோப்புத் தண்ணீரில் வேப்பெண்ணெய் கலந்து அடித்தேன். கெட்ட கழிகளை வெட்டி எரித்தேன். கொஞ்ச நாள் சுத்தமாக இருக்கும். பிறகு எறும்பு சாரைசாரையாகச் சுவரேறி வரும், பின்னாலேயே பூச்சியும் வரும். எங்கிருந்து வருகிறது என்று எட்டிப் பார்த்தேன். அடுத்த வீட்டு ஞானமணி அக்காவின் செம்பருத்தி முழுக்க அதே வெள்ளை.

அக்காவைப் பற்றிக் கேட்டீர்கள். சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் இளமதி திருச்சியில் இருப்பதால் தனியாகத்தான் இருந்தார். இலை உதிர்ந்து வேலியில் சந்து விழுந்த பிறகுதான் அவர் முகத்தையே நான் சரியாகப் பார்த்தேன். சாப்பிட்டியா என்று என்னைக் கேட்ட ஒரே ஆள் அவர். எனக்கு அவர்மேல் ஒரு கோபமும் கிடையாது.

அந்தச் சந்து போனிலும் தெரிந்துவிட்டது.

"அங்கிட்டு யாரு நிக்கிறா?"

"ஞானமணி அக்காங்க."

"இன்னிக்கு அக்கா. நாளைக்கு யாரு? வேணும்னே எலையப் பறிச்சுப் போடுறியா?"

அடுத்து லீவில் வரும்போது வேலி அடைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் என்னை என் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவதாகவும், பிள்ளை இங்கேதான் இருக்கும் என்றும் சொன்னார். என் மகள் அன்புமொழிக்கு நாலு வயது. அவர் சொன்னால் செய்வார்.

செடியை வெட்டிவிடச் சொல்லி அக்காவிடம் கெஞ்சினேன். "அதுல நாலு பூவ மென்னு தின்னுட்டுத்தான் நான் காப்பியே குடிக்கிறேன், ராணி. சுகருக்கு அதான் கேக்குது. வெட்டவும் வேணாம், மருந்து கிருந்து அடிச்சிறவும் வேணாம்" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

உரக்கடையில் வேரில் ஊற்றும் மருந்து ஒன்று கொடுத்தார்கள். "வேர் வழியா ஏறி எலை, பூவு எல்லாத்துலயும் கலந்துரும். மழை பேஞ்சாலும் போகாது, கழுவுனாலும் போகாது. திங்கிற செடிக்கு ஊத்திறாதீங்க" என்றார் கடைக்காரர். சரிங்க என்றேன். மூங்கிலுக்கு ஊற்றினேன். ஞாயிற்றுக்கிழமை அக்கா சர்ச்சுக்குப் போயிருந்தபோது செம்பருத்திக்கும் ஊற்றினேன். அதற்குக் கொஞ்சம் கூடுதலாக. பூச்சி அங்கேதானே அதிகம்.

எறும்பு நின்றது. மூங்கில் துளிர்த்தது. செம்பருத்தியும் வஞ்சகமில்லாமல் பூத்தது. "கர்த்தர் கிருபை, பூவப் பாரு ராணி" என்று அக்கா சந்தோஷப்பட்டார். பிறகு அவருக்கு வாந்தியும் தலைசுற்றலும் வந்தன. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தும் நிற்கவில்லை. சுகர் ஏறிவிட்டது என்று நினைத்து, தின்கிற பூவைக் கூட்டிக்கொண்டார்.

நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் இளமதி வந்து சத்தம் போடுவாள், தெருவே கூடும், பேச்சு துபாய்வரை போகும். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் தினமும் எழுந்தேன். அக்காவைப் பார்த்தால் பயத்தில் வாய் வராது. இதற்கிடையில் எறும்பு மறுபடி தலைகாட்டியது. இன்னொரு தடவை ஊற்றினேன். அதை நீங்கள் கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன்.

லீவு கிடைக்கவில்லை என்று அய்யப்பன் கடைசியில் வரவே இல்லை.

அக்காவால் செடிவரைகூட நடக்க முடியாமல் போனது. வேலி அடைந்துவிட்டதால் அவர் குரல் மட்டும்தான் எனக்கு வந்தது. "ராணி, ரெண்டு பூ பறிச்சுக் குடு ஆத்தா." சுற்றிக்கொண்டு போய்ப் பறித்துக் கொடுத்தேன். கட்டிலில் சாய்ந்தபடியே என் தலையைத் தடவினார். எனக்கு அழுகையாக வந்தது. மறுநாளும் கூப்பிட்டார், மறுநாளும் போனேன். அவர் கூப்பிடுவது நிற்கும்வரை போனேன்.

கொலை என்று எழுதுகிறீர்கள். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், மேடம். அந்தப் பூக்களை நான் பறித்தபடியே கொடுக்கவில்லை. ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவித்தான் கொடுத்தேன்.