இடித்த சுவர்

எழுபதுகளில் ஒரு காலை. பென்னாகரத்தில் ஏறிய சேலம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் மூன்று பேர்: லீவு முடிந்து இன்ஜினீயரிங் காலேஜுக்குத் திரும்பும் பெண், அவள் அப்பா, சலவை வேட்டியில் தாய்மாமா. இண்டூர் தாண்டியதும் அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்.

“அப்பா, நான் கட்டுன சுவத்த நானே இடிச்சுட்டேங்கப்பா.”

“ஏம்மா, யாரு மேல கோவம்?”

“கோவமெல்லாம் இல்லீங்க. சார் பாத்து மார்க் போட்டதும் பிரிச்சு அடுக்கிடணும். அடுத்த பேட்ச்சும் அதே செங்கல்லதான் கட்டிப் பழகணும்.”

“அடிப்பாவி! அதக் காட்டத்தானே உங்க மாமன இழுத்துட்டு வரேன். பொட்டப்புள்ள கட்டுன சுவரு நிக்குமான்னு ஊரெல்லாம் கேட்டுட்டுத் திரியறான்.”

“நின்னுச்சுங்க மாமா. கூடப் படிக்கற பசங்க தள்ளிப் பாத்தாங்க, அசையல.”

“நான் பாக்கலையே,” என்றார் மாமா.

“அப்ப மறுபடியும் கட்டிக் காட்டறேன். கல்லு எடுத்துக் குடுக்க மட்டும் ஒரு ஆளு வேணும்.”

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தர்மபுரி ஸ்டாண்டில் பஸ் நின்றதும் தன் வேட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“மொதல்லயே சொல்லியிருந்தா அழுக்கு வேட்டி கட்டிட்டு வந்திருப்பேனில்ல, மச்சான்.”