ஒரு பெயரும் விடுபடவில்லை

முதலில் ஒன்று கேட்கிறேன், கோபிக்கக் கூடாது. ஊரில் நீங்கள் எந்தப் பக்கம், பிள்ளை? மொழிபெயர்க்க வந்தவர் சொந்த விஷயம் பேசக் கூடாது என்று இந்தப் பொலிஸ் அம்மா தலையாட்டுகிறார். சரி, விடுங்கள். ஊரைக் கேட்காமல் ஒருவரோடு பேசிப் பழக்கமில்லை, அதுதான் வாய் தவறிவிட்டது. நான் இளவாலை. பெயர் அருமைநாதன், வயது அறுபத்திரண்டு. நான் சொல்வதை அப்படியே பிரெஞ்சில் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

எங்கள் குடும்பத்தில் பதினேழு பேரை மொன்றியலுக்கு எடுப்பித்தவன் நான். சிலரைப் பேப்பரால், சிலரை வேறு வழியால். ஆகவே கலியாணம் பேசுவதோ, வீடு வாங்குவதோ, செத்த வீடோ, எதுவும் என்னைக் கேட்காமல் நடப்பதில்லை. இதை அதிகாரம் என்று மொழிபெயர்க்காதீர்கள். பொறுப்பு என்று சொல்லுங்கள். அது என் கையை விட்டுப் போனால் நான் வெறும் ஆள், அதையும் ஒளிக்கவில்லை.

இந்த ஒழுங்கை நான் இத்தாலியின் சிசிலித் தீவில், பலேர்மோவில்தான் படித்தேன். இங்கே வருமுன் பதினொரு வருடம் அங்கே ஒரு கட்டட முதலாளி வீட்டில் சமையலும் கார் ஓட்டமும் பார்த்தேன். ஞாயிறு பூசை முடிய முப்பது பேர் சாப்பாட்டு மேசையில் இருப்பார்கள். பெரியவர் கரண்டியைத் தொடும்வரை ஒருவரும் தொட மாட்டார்கள். ஒரு ஞாயிறு அவருடைய தம்பியின் கதிரை வெறுமையாக இருந்தது. அடுத்த ஞாயிறு அந்தக் கதிரையே இல்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நான் மீன் பரிமாறினேன்.

அந்த முதலாளியின் ஒன்றுவிட்ட தம்பி தொனாத்தோ இங்கே சென் லெயோனாரில் இருக்கிறார். தெருவும் தண்ணீர்க் குழாயும் போடுகிற நிறுவனம். நான் சிசிலிப் பேச்சில் வணக்கம் சொன்னதும் கட்டிப்பிடித்துக்கொண்டார். என் பெயரில் ஒரு சின்ன நிறுவனம் தொடங்கச் சொன்னார். அதன் வேலை தோற்பது. நகரசபை ஒரு தெருவுக்கு விலை கேட்டால் நாலைந்து நிறுவனங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும், குறைந்த விலைக்காரருக்கு வேலை. நாங்கள் எல்லோரும் பேசி வைத்து, வேண்டுமென்றே கூட்டி எழுதுவோம். தொனாத்தோ வெல்வார். தோற்றவர்களுக்கு அவரிடமிருந்து சில்லறை வேலைகள் வரும். இதில் நட்டம் நகரசபைக்கு மட்டும்தான். ஊர்ப் பொதுக்கிணற்றில் ஒரு வாளி கூட அள்ளினதற்கு யார் வழக்குப் போட்டார்கள், சொல்லுங்கள்.

நிஷான் என் தங்கை செல்வமலரின் ஒரே மகன். தகப்பன் சண்டையில் போய்விட்டார். தாயையும் பிள்ளையையும் நான்தான் எடுப்பித்தேன், அப்போது அவனுக்குப் பத்து வயது. பனியில் சப்பாத்துக் கட்டப் பழக்கியதும் நான். பொறியியல் படித்து முடித்து, றொசானாவைக் கட்டி, என்னிடமே வேலைக்கு வந்தான். விலை எழுதுவது அவன் பொறுப்பு. மூன்று நாள் குனிந்த தலை நிமிராமல் இருந்து சுத்தமாக எழுதித் தருவான். அவன் வீட்டுக்குப் போன பிறகு, மொத்த விலை இருக்கிற கடைசிப் பக்கத்தை நான் மாற்றுவேன்.

இரண்டு வருடம் கழித்து ஒருநாள் கேட்டான்.

"மாமா, நாங்கள் ஏன் எப்பவும் தோக்கிறம்?"

"எங்களுக்கு இன்னும் தொழில் பிடிபடேல்லையடா."

சிரித்துக்கொண்டு போனான். ஆனால் அவனுக்கு மனம் கேட்கவில்லை. பழைய கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் கடைசிப் பக்கங்களோடு வைத்துப் பார்த்திருக்கிறான். இந்த ஏப்ரலில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து கோயில் கார்த் தரிப்பிடத்தில் என்னைத் தனியே கூப்பிட்டான்.

"மாமா, வாற கிழமை இல்லை, அதுக்கடுத்த திங்கள் ஊழல் விசாரிக்கிற பொலிசிட்டப் போறன். றொசானாவும் ஓம் எண்டிட்டா. உங்களுக்குச் சொல்லாமச் செய்யக் கூடாது, அதுதான் முதல் உங்களிட்ட வந்தனான்."

"யோசிச்சுத்தான் கதைக்கிறியோ?"

"ஓம் மாமா. நீங்களும் வாங்கோ. நீங்களா வந்து சொன்னா தண்டனையைக் குறைப்பினம்."

எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். பெரியவர்களைக் கேட்காமல் ஒரு துரும்பும் தூக்காத பிள்ளை. நான் வளர்த்த வளர்ப்பு. வேறொருவனாக இருந்தால் நேரே போயிருப்பான், இன்றைக்கு உயிரோடும் இருப்பான்.

மறுநாள் தொனாத்தோ வீட்டுக்குப் போனேன். குளிருக்காக மண்ணுக்குள் படுக்க வைத்திருந்த அத்திமரத்தை வளவில் கிண்டி நிமிர்த்திக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டார். "பையன் உன் இரத்தம், நான் என்ன சொல்வது? வீட்டு விஷயத்தை வீட்டுக்காரன்தான் பார்க்க வேண்டும்" என்றார். போகும்போது ஒரு போத்தல் தக்காளிக் குழம்பு தந்துவிட்டார். அவர் ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை, அதைக் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள்.

இனி அந்தத் தொலைபேசி அழைப்பு. இந்த அம்மா காலையிலிருந்து அதையே கேட்கிறார். எங்கள் ஆட்களின் மரண அறிவித்தல் எப்படி இருக்கும் என்று நீங்கள்தான் அவருக்கு விளங்கப்படுத்த வேண்டும், பிள்ளை. இன்னாரின் மகன், இன்னாரின் மருமகன், இன்னாரின் பேரன் என்று ஒருவர் விடாமல் வர வேண்டும். இருக்கிறவர் யார், காலஞ்சென்றவர் யார் என்று பிழையில்லாமல் வர வேண்டும். எங்கள் குடும்பத்துக்கு அதை எழுதுகிறவன் நான்தான். பதினைந்து வருடத்துக்கு முன் பெரியப்பாவின் அறிவித்தலில் அவருடைய மூத்த மருமகளின் பெயரை விட்டுவிட்டேன். எட்டு வருடம் அந்த வீட்டார் எங்கள் வாசலில் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. அன்றைக்கு என் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன், இனி அப்படி ஒரு பிழை என் கையால் நடக்காது என்று.

நிஷானின் பக்கம் எனக்கு மனப்பாடம். றொசானாவின் பக்கம்தான் இழுபறி. அவளுடைய தகப்பன் பத்திநாதர், மன்னார் ஆள், லவாலில் இருக்கிறார். வியாழக்கிழமை அவருக்கு எடுத்தேன். காலஞ்சென்ற மனைவியின் முழுப் பெயர் மாக்கிரட்டாவா, மேரி மாக்கிரட்டாவா என்று கேட்டேன். ஜேர்மனியில் இருக்கிற தமையன் இன்னும் இருக்கிறாரா என்றும் கேட்டேன். மனுசன் வெள்ளையாக எல்லாம் சொன்னார். "ஏன் அண்ணை கேக்கிறியள்?" என்றதற்கு, "ஒரு அலுவல், பேந்து சொல்லுறன்" என்றேன். நிஷான் செத்தது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை அறிவித்தல் வந்தது. ஒரு எழுத்துப் பிழை இல்லை. வந்தவர்கள் எல்லோரும் அதைச் சொன்னார்கள். பத்திநாதர் மட்டும் அதைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு மூலையில் இருந்தார். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கையோடு பொலிசிடம் வந்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். மகளைப் பெற்றவர்.

வெள்ளிக்கிழமை லாசாலில் எங்களுக்குக் குழாய் வேலை. தொனாத்தோ தந்த சில்லறை வேலைதான். இரண்டாள் ஆழப் பள்ளம், பனி உருகி ஊறிய களிமண். அப்படிப்பட்ட பள்ளத்தில் மண் சரியாமல் தாங்க ஒரு இரும்புக் கூடு இறக்குவோம். காலை அந்தக் கூட்டைத் தூக்கி மற்ற வேலைத்தளத்துக்கு அனுப்பச் சொன்னது நான். அங்கேயும் தேவை இருந்தது, பொய்யில்லை. பத்தரைக்கு வேலைக்காரரைக் கோப்பி குடிக்க அனுப்பினேன். நிஷானைக் கூப்பிட்டுக் குழாயின் கடைசி இணைப்பைப் படம் எடுக்கச் சொன்னேன். இன்னொருவனை இறக்கிவிட்டு மேலே நின்று பார்க்கிற சாதி இல்லை அவன். தானே இறங்குவான்.

"கூடு எங்க மாமா?"

"இப்ப கொண்டு வருவினம். ரெண்டு நிமிச வேலைதானே, இறங்கு."

என் முகத்தைப் பார்த்தான். பிறகு ஏணியில் இறங்கினான். நான் சொல்லியும் அவன் கேளாத காரியம், அந்தத் திங்கள் பொலிசிடம் போவது ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

மண் விழுந்ததும் முதலில் கையால் கிண்டியவன் நான். மூன்று நகம் பிய்ந்துவிட்டது, இதோ பாருங்கள். அம்புலன்ஸுக்கு எடுத்ததும் நான். அழுததும் நடிப்பில்லை. தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். செல்வமலர் என் தோளில் விழுந்து, "அண்ணை, நீங்கள் பக்கத்தில நிண்டதால பிள்ளை தனியச் சாகேல்லை" என்றாள். ஓம் என்று அவள் தலையைத் தடவினேன்.

எல்லோரும் கூட்டைப் பற்றியே கேட்கிறீர்கள். கூட்டை எடுத்தது கவனக்குறைவு என்று என் சட்டத்தரணி வாதாடலாம். நான் அப்படிச் சொல்லித் தப்ப விரும்பவில்லை. பக்கத்தில் நின்ற, மண் கிண்டுகிற பெக்கோ இயந்திரத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆகவே நானே சொல்கிறேன்.

மண் தானாக விழவில்லை, பிள்ளை. ஐந்து நிமிடம் பார்த்தேன், அப்படியே நின்றது. கீழேயிருந்து, "மாமா, எல்லாம் வடிவா இருக்கு, வாறன்" என்று கூப்பிட்டான். ஏணியில் அவன் கையைக் கண்டேன். நான் பெக்கோவில் ஏறி, அதைப் பள்ளத்தின் விளிம்புவரை முன்னால் எடுத்தேன். அந்தப் பாரத்துக்கு மண் இறங்கியது. அவன் "மாமா" என்று இன்னொரு முறை கூப்பிட்டான். அதன் பிறகு இயந்திரத்தைப் பின்னுக்கு எடுத்து, பழைய இடத்தில் விட்டு, இறங்கி ஓடினேன்.

இவ்வளவுதான். அந்த அம்மா எங்கே காட்டுகிறாரோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். ஒரேயொரு உதவி மட்டும் கேட்டுச் சொல்லுங்கள், இயந்திரக் கதை செல்வமலருக்குத் தெரிய வேண்டாம். புருசனும் போய், பெற்ற பிள்ளையும் போய் நிற்கிறாள், இனி அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?