பத்தடி ரிங்கு

எவன்யா அவன், தரைமேலயே தரை போட்டு மொழுகினவன்? அவன் மட்டும் என் கைல கெடைக்கட்டும்... இன்னா மேஸ்திரி, தலைய குனிஞ்சிக்கினே கீற? உன்ன ஒண்ணும் சொல்லலியே. அந்த சிமெண்ட் மூட்டைய எறக்காத, வண்டிலயே கெடக்கட்டும். இன்னிக்கு இங்க ஒரு சட்டி கலவ கொட்ட உட மாட்டேன்.

ஃபங்ஷனா? ஞாயித்துக்கெயமதான? தெரியும். டோரதி கூடைப்பந்து மைதானம்னு போர்டு எய்தி ரெடியா கீது. பேரு என்னுது. பேங்க் டீமுக்கு பத்தொம்போது வருசம் ஃபார்வர்டு ஆடினது நானு. அப்ப வேலைய நிறுத்தறதும் நான்தான்.

ஷாலு தெரியுமா? கொருக்குப்பேட்டைலேந்து சைக்கிள்ல வருதே, ஒட்டகச்சிவிங்கி கணக்கா, அதான். இங்க பத்து போட்டா ஒம்போது உள்ள வுயும். மாநில டீம் செலக்சன்ல போட்டது அத்தினியும் முன்கம்பில பட்டு டங்கு டங்குன்னு திரும்பிச்சு. ரெண்டு வருசமா காலைல அஞ்சு மணிக்கு என்கிட்ட கத்துக்க வர்ற பொண்ணு! உனக்கு ஷூட்டிங் கத்துக்குடுத்தது யாருன்னு செலக்டரு கேக்கறான். என்னக் காட்டிக்குடுக்காம நின்னுச்சு பாரு, எனக்கு அங்கியே உசுரு போச்சு.

ரிங்குன்னா தரைலேந்து பத்தடி ஒசரம். ஒலகம் பூரா பத்தடி. இந்தா டேப்பு, நீயே புடி. இன்னா காட்டுது? ஒம்போதடி ரெண்டு இஞ்ச். மூலைல கொத்திப் பாத்தேன், பரோட்டா மாதிரி அடுக்கு அடுக்கா கீது. அடித்தரைக்கு மேல மூணு தளம். ரோட்ட ஒசத்தி ஒசத்தி எங்க வூட்ட எல்லாம் பள்ளமாக்கினீங்க, சரி, மயைக்கு தண்ணிய மொண்டு ஊத்திக்கினு பொயைக்கிறோம். இங்க ரிங்கையே எறக்கிட்டியேய்யா!

சங்கத்துக்காரங்க மேலயே போடுன்னாங்க, போட்ட. மூணு வாட்டியும் நீதான். ஒத்துக்கினியே, அது போதும்.

அதெல்லாம் வாணாம். ரிங்கு நிக்கிற பைப்ப அறுத்து ஒட்டு வெச்சி ஒசத்தினா கடல்காத்துல ஆறே மாசத்துல துருப்புடிச்சி ஆடும். எந்தப் புள்ள மண்டைலயாவது வுயும். கமுக்கமா முடிச்சிரலாமா? இந்த டபாய்க்கிற வேலையே என்கிட்ட வாணாம்.

இன்னா கேட்ட? இத்தினி வருசமா நீ ஏன் அளக்கலன்னா?

நல்லாத்தான் கேக்கற நைனா.

குந்து. ரிங்கப் புடிச்சித் தொங்கற மாதிரி என் ஃபோட்டோ பேப்பர்ல வந்துச்சே, தொண்ணூத்தேயுல, ஞாபகம் கீதா? ராயபுரம் பூரா அதான் பேச்சு. அத்தப் பாத்துதான் பேங்க்ல ட்ரையலுக்கே கூப்ட்டாங்க. எங்கப்பா ஹார்பர்ல மூட்டை தூக்கினவரு, எங்களுக்கு வேற யாரு சிபாரிசு செய்வான்? அந்த ஃபோட்டோ இங்கதான் எடுத்தாங்க. நீ மொத தளம் போட்டதுக்கு அடுத்த வருசம். ரிங்கு நாலு இஞ்ச் எறங்கினதாலதான் எட்டிச்சு மேஸ்திரி, நாலே இஞ்ச். அப்பால கல்கத்தா, லூதியானா, எங்க போயி எகிறினாலும் ஒரு ரிங்கும் கைக்கு எட்டல. தொங்கிக் காட்டுன்னு கேப்பாங்க, முட்டி வலின்னு சொல்லுவேன். ஒரு வலியும் கெடையாது. மொத மாசமே புரிஞ்சிப்போச்சு. புரிஞ்சிக்கினே இருவத்தெட்டு வருசம் டேப்பக் கைல தொடல.

அப்டிப் பாக்காத. ஷாலு வூட்டுக்கு நான் போறேன், அவங்கம்மா எத்தினி ஏசினாலும் வாங்கிக்கிறேன். அது என் பாடு. தளம் உன் பாடு. மூணு நாளா? ரெண்டு நாள். மூணெல்லாம் கெடையாது, ரெண்டு. ஃபங்ஷன் தள்ளிப்போனா போவட்டும். மூணு தளத்தையும் பேத்தெடு, அடித்தரை கண்ணுல தெரியணும். பத்தடிக்கு ஒரு நூல் கொறைஞ்சாலும் உன்ன வுட மாட்டேன். எந்திரி, தரை ஒடைக்கிற மிஷின எறக்கு.